தியத்தலாவையில் நின்ற கப்பல்

ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு ஏப்ரல் மாதம். ஹப்புத்தளையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தங்குமிடத்தில் இறங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பழைய கப்பல் கணக்கெல்லாம் பார்க்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார் என்று அங்கே வேலை செய்யும் தம்பி சொல்லி அனுப்பியிருக்கிறான். வந்தவர் கையில் அவருடைய தாத்தாவின் கடற்படைச் சேவைத் தாளின் நகல் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர் எந்தெந்தக் கப்பலில் இருந்தார் என்று வரிசையாக எழுதிய தாள். அதில் மூன்று பெயரைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்: லங்கா, ஹைஃப்ளையர், ஊவா. இந்த மூன்று போர்க்கப்பல்களும் எந்தச் சண்டைக்குப் போயின என்று தெரிந்தால் போதும் என்றார்.

நான் அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கீழே தியத்தலாவைப் பக்கம் கையை நீட்டி, ஊவா அங்கேதான் இருந்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே, புல்மலைகளுக்கு நடுவில் எப்படிக் கப்பல் நிற்கும்?

பிரிட்டிஷ் கடற்படையில் கரையில் இருக்கும் முகாமுக்கும் கப்பல் பெயர்தான் வைப்பார்கள். கொழும்பில் இருந்த தளம் லங்கா. திருகோணமலையில் இருந்தது ஹைஃப்ளையர். அதே பெயரில் முன்னொரு காலத்தில் குரூசர் வகையைச் சேர்ந்த ஒரு நிஜப் போர்க்கப்பலும் ஓடியிருக்கிறது, அதனால் குழப்பம் இன்னும் கூடும். வெயிலிலும் காய்ச்சலிலும் அடிபட்ட மாலுமிகளை மேலே ஏற்றி இளைப்பாற விட்ட தியத்தலாவை முகாமுக்கு ஊவா என்று பெயர். ஆக அந்தத் தாத்தாவின் தாளில் மூன்று கப்பல் இருந்தாலும் அந்த மூன்றில் ஒன்றுகூடத் தண்ணீரில் மிதந்தது இல்லை.

அவர் முகம் சுருங்கிவிட்டது. உடனே மற்றப் பக்கத்தையும் சொன்னேன். இந்தத் தாள் தவறாகக் காட்டுவது ஒரு திசையில் மட்டும் அல்ல. கண்ணிவெடி வாரும் படகு, துறைமுகக் காவல் படகு மாதிரிச் சிறு கலங்களில் தினமும் கடலுக்குப் போனவனுடைய பெயரும் பெரும்பாலும் கரைத் தளத்தின் கணக்கில்தான் கிடக்கும். சம்பளம் அங்கேதானே போடுகிறார்கள். ஆக லங்கா என்று எழுதியிருப்பவன் கொழும்பில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தும் இருந்திருக்கலாம், மழையிலும் அலையிலும் நனைந்தும் இருந்திருக்கலாம். சேவைத் தாள் சொல்வது அவன் பெயர் எந்தப் புத்தகத்தில் இருந்தது என்பதை. ஆள் எங்கே நின்றான் என்பதை வேறு புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

அந்த வேறு புத்தகத்தின் பெயர் லாக், கப்பலிலேயே அன்றன்றைக்கு எழுதும் புத்தகம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2010-ஆம் ஆண்டு அக்டோபரில் ஓல்ட் வெதர் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். முதலாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் லாக் பக்கங்களைப் படம் எடுத்துப் போடுவார்கள், உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் படித்துத் தட்டச்சு செய்யலாம். விஞ்ஞானிகளுக்கு வேண்டியது நூறு வருஷத்துக்கு முந்திய கடல்மேல் காற்றழுத்தமும் வெப்பமும். சரித்திரம் தேடுபவர்களுக்கு வேண்டியது ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்பு. நான் அப்போது ஒரு தேயிலைத் தோட்ட ஆபிஸில் கிளாக்கர். அடுத்த வருஷம் பண்டாரவளையில் ஒரு நெட் கடையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். மணிக்கு ஒரு வரியாகக் கட்டம் போட்டு, எந்தத் திசையில் போகிறது, எத்தனை மைல் ஓடியது, காற்று எங்கிருந்து எவ்வளவு பலமாக அடிக்கிறது, வானம் எப்படி, காற்றழுத்தம் எவ்வளவு என்று வரிசையாக நிரப்பியிருந்தது. நடுப்பகலில் கப்பல் நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. நோயாளிகளின் எண்ணிக்கை. வலப்பக்கக் குறிப்பில் நிலக்கரி ஏற்றியது, ஆள் கரைக்குப் போனது, செத்தவனைக் கடலில் இறக்கியது. ஒவ்வொரு காவல் முறைக்கும் ஒரு அதிகாரியின் சுருக்கக் கையெழுத்து.

எனக்கு அந்தப் பக்கம் அந்நியமாகவே படவில்லை. அது செக்ரோல்.

தோட்டத்தில் வாழாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பெரட்டுக்களத்தில் யார் யார் வந்தார்கள், எந்த மலைக்குப் போனார்கள், எத்தனை றாத்தல் கொழுந்து எடுத்தார்கள் என்று கணக்கப்பிள்ளை தன் சட்டைப்பைப் புத்தகத்தில் குறிப்பார், சாயந்தரம் ஆபிஸில் பெரிய புத்தகத்தில் ஏற்றுவோம். ஒரு ஆளுக்கு ஒரு வரி, ஒரு நாளுக்கு ஒரு கட்டம். முழு நாள் வேலைக்கு முழுப் பேர், அரை நாளுக்கு அரைப் பேர், வராத நாளுக்குக் கோடு. கப்பலிலும் அப்படியே. மேல்தளத்தில் மழையிலும் காற்றிலும் கிறுக்கிய முரட்டு லாக் ஒன்று, அதைப் பார்த்து ஆற அமர எழுதிய நல்ல லாக் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் பிழை புகும் இடமும் எனக்கு நல்ல பழக்கம்தான். ஒரு வரி கீழே இறங்கிவிடும், மூன்று எட்டாகும், போன மாதத்துப் பெயரே இந்த மாதமும் தொடரும்.

வானத்துக்கு ஒற்றை எழுத்துகள் வைத்திருப்பார்கள். பி என்றால் நீல வானம், சி என்றால் மேகம், ஓ முழு மூட்டம், எம் மூடுபனி, ஆர் மழை, கியூ சடார் என்று வந்து போகும் காற்று. கொஞ்ச நாளில் எனக்கு அது கையோடு வந்துவிட்டது. டிசம்பரில் எங்கள் ஊரைப் பார்த்து ஓ எம் ஆர் என்று மனதுக்குள் எழுதிக்கொள்வேன். தோட்ட ஆபிஸ் முன்னால் மழைமானி இருக்கும், காலையில் அளந்து புத்தகத்தில் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. யாரோ ஒரு துணை லெப்டினன்ட் இந்துமாக்கடலில் அதே வேலையை அதே அலுப்போடு செய்திருக்கிறான் என்று தெரிந்தபோது எனக்கு அவன்மேல் ஒரு பாசம் வந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்த அலுப்புதான் லாக்கின் பலம் என்று நினைக்கிறேன். எழுதுகிறவனுக்கு அது ஒரு கதை என்றே தெரியாது. பின்னால் ஒருத்தன் இதை வைத்துப் பென்ஷன் கேட்பான், ஒருத்தி தாத்தாவைத் தேடுவாள், ஒரு விஞ்ஞானி மழைக்காற்றின் போக்கைக் கணக்கிடுவான் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். நாலு மணி நேர முறை முடிகிறது, எழுதிக் கையெழுத்துப் போட்டால் தூங்கலாம். அவ்வளவுதான். சண்டை முடிந்து இருபது வருஷம் கழித்து எழுதிய புத்தகம், அந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய பட்டியல், பட்டியலைப் பார்த்துச் செதுக்கிய கல்வெட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும்போது, எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இந்த ஒரு பக்கம்தான். மேலே இருப்பவை தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் அடியில் இருப்பதைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

என் அப்பாயி எம்டன் வருஷத்தில் பிறந்தவர். தமிழில் எம்டன் என்றால் கில்லாடி, எதற்கும் அஞ்சாத ஆள் என்று பொருள் வந்ததே இந்த ஜெர்மன் கப்பலால்தான். அப்பாயியைப் பெற்றவர்கள் அந்த வருஷம்தான் தனுஷ்கோடியில் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். அந்தத் தடத்தில் கப்பல் ஓடத் தொடங்கியதே 1914-இல்தான். "நவராத்திரி நேரம் எம்டன்காரன் கொழும்புல குண்டு போட்டான், நான் அப்ப கைப்புள்ள" என்று அப்பாயி சொல்வார், அவர் அம்மா சொல்லிக் கேட்டதை. ஆனால் எம்டன் கொழும்பில் ஒரு குண்டும் போடவில்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னையில் எண்ணெய்க் குதங்களைச் சுட்டது. அந்த வருஷம் ஆகஸ்ட் 21-இல் சூரிய கிரகணம், அதற்கு அடுத்த அமாவாசை செப்டம்பர் 19, அப்போ 22-ஆம் தேதி நவராத்திரியேதான். சென்னைக்குப் பிறகு இலங்கையைச் சுற்றி மேற்குப் பக்கம் வந்து, கொழும்புக்குக் கிட்டத்திலேயே வியாபாரக் கப்பல்களைப் பிடித்தது. நவம்பர் 9-ஆம் தேதி கொக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதை அடித்துக் கரைதட்ட வைத்தது. காயம்பட்ட ஜெர்மானியர்களோடு சிட்னி 15-ஆம் தேதி கொழும்புக்கு வந்தபோது, துறைமுகத்தில் யாரும் ஆரவாரம் செய்ய வேண்டாம் என்று அதன் தலைவர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அப்பாயிக்குக் காலம் சரி, இடம் தவறு. குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது யாரோ ஒரு எழுத்தர் அவர் பிறந்த வருஷத்தை 1919 என்று போட்டுவிட்டார். காகிதத்தில் இடம் சரி, காலம் தவறு. இரண்டில் எதை நம்புவது என்று சின்ன வயதில் எனக்குத் தெரியாது. இப்போது கேட்டால், இரண்டையும் அன்றன்றைக்கு எழுதிய ஏதாவது ஒன்றோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

லாக்கைப் படிப்பதிலும் பொறி இருக்கிறது. கப்பல் தன் கடிகாரத்தைத் தானே திருப்பிக்கொள்ளும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்பைத் தாக்கிய ஜப்பானியக் கப்பல்களில் டோக்கியோ நேரம், கீழே கொழும்பில் கொழும்பு நேரம். ஒரே குண்டு ஒரு கணக்கில் ஏழரை மணிக்கும் இன்னொன்றில் பத்தரை மணிக்கும் விழும். இதைவிட மோசம் பழைய லாக்குகள். 1805 வரைக்கும் பிரிட்டிஷ் கடற்படையில் நாள் என்பது நடுப்பகலில் தொடங்கி அடுத்த நடுப்பகலில் முடிந்தது. அதுவும் ஊர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முந்தி. 1782-இல் திருகோணமலைக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய காலத்து ஆங்கில லாக்கைத் திறக்கிறவர், பிற்பகலில் நடந்ததை அடுத்த தேதியின் கீழேதான் காண்பார். இது தெரியாமல் பார்த்து எழுதினால் சரியான மூலத்தை வைத்தே தவறான தேதியை நாட்டிவிடலாம்.

சரி, இதெல்லாம் சரித்திரம் பிடித்தவர்களின் தேதிச் சண்டைதானே, யாருக்கு என்ன லாபம் என்று என் மச்சான் கேட்டார். அவருக்கு நான் சொன்னது வியட்நாம் கதை.

வியட்நாம் போரில் அமெரிக்கா காட்டின்மேல் ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற செடிகொல்லி மருந்தைத் தெளித்தது. அதில் டயாக்சின் என்ற நஞ்சு. அந்த மண்ணில் இருந்த சிப்பாய்க்குப் பின்னாளில் சில வகைப் புற்றுநோய் மாதிரி நோய்கள் வந்தால், மருந்தால்தான் வந்தது என்று எடுத்துக்கொண்டு உதவிப்பணம் தர 1991-இல் சட்டம் வந்தது. ஆனால் 2002-க்குப் பிறகு, கால் மண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று முன்னாள் படைவீரர் நிர்வாகம் கறாராகச் சொல்லத் தொடங்கியது. ஆற்றுக்குள் போன படகுக்காரனுக்கு உண்டு, கடலில் நின்ற கப்பல்காரனுக்கு இல்லை. இவ்வளவுக்கும் அதே 2002-இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆராய்ச்சி, கப்பலில் கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீர் ஆக்கும்போது டயாக்சினும் கூடவே வந்து செறிந்துவிடும் என்று காட்டியிருந்தது. அவர்கள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

அப்போதுதான் வயசான மாலுமிகள் லாக்கைத் தேடிப் போனார்கள். எந்தக் கப்பல் எந்த நாளில் ஆற்று வாயில் நங்கூரம் போட்டது, எப்போது துறையில் கட்டியது, எப்போது படகில் ஆள் கரைக்குப் போனது. ஒவ்வொரு பக்கமாகக் கொண்டுவந்து வைக்க வைக்க, தகுதி உண்டு என்று நிர்வாகம் வைத்திருந்த கப்பல் பட்டியல் திருத்தித் திருத்தி நீண்டது. நாற்பது வருஷம் அலமாரியில் கிடந்த வரி ஒன்று ஒரு கப்பலையே பட்டியலில் ஏற்றும். ஆழ்கடலில் மட்டும் நின்றது என்று நம்பியிருந்த கப்பல் ஒரு சாயந்தரம் ஆற்றுக்குள் போய் வந்திருக்கும்.

2019 ஜனவரி 29-இல், இன்ட்ரெபிட் என்ற விமானந்தாங்கியில் இருந்த ப்ரொகோப்பியோ என்ற மாலுமியின் வழக்கில் கரையோரக் கடலும் வியட்நாம் குடியரசின் பகுதிதான் என்று தீர்ப்பு வந்தது. அதே வருஷம் ஜூனில் சட்டமும் ஆனது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் இருந்தவர்களுக்கு 2020 ஜனவரி 1 முதல் உரிமை. இப்போது கேள்வி மாறியது, கப்பல் 12 மைலுக்கு உள்ளே வந்ததா, வெளியே நின்றதா? அமெரிக்க லாக்கில் காலை எட்டு, பகல் பன்னிரண்டு, இரவு எட்டு என்று மூன்று வேளையும் கப்பல் நின்ற இடம் எழுதியிருக்கும். அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் குத்திப் பார்க்க வேண்டியதுதான். அதற்காகவே அந்தக் கால லாக்குகளைப் பெருமளவில் படம் எடுத்தார்கள்.

இதில் ஒரு குறை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. லாக்கில் கப்பல் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். இருபது பேர் கரைக்குப் போனார்கள் என்று எழுதினாலும் அந்த இருபது பேர் யார் என்று பெரும்பாலும் எழுத மாட்டார்கள். செக்ரோல் இந்த விஷயத்தில் மேல். அதில் ஆள்தான் முதல்.

அம்மா 1969-இல், பதினாறு வயதில், தோட்டத்தில் பேர்ப் பதிந்தார். 2008-இல் ஓய்வு. ஆபிஸ் கொடுத்த கணக்கில் சேவை 1978-இல்தான் தொடங்கியிருந்தது. ஒன்பது வருஷம் காணோம். சேவைக்காலப் பணம் வருஷத்துக்குப் 14 நாள் சம்பளம், ஆக 126 நாள் சம்பளம் காணோம். 1975-இல் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, 1992-இல் நிர்வாகத்தைத் திரும்பக் கம்பெனிக்குக் கொடுத்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் புத்தகம் தொலையும். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை, அங்கே இப்போது இருப்பவர்கள் அதற்குப் பொறுப்பும் இல்லை. "நான் வேலை செஞ்சது அந்த மலைக்குத் தெரியும், ஆபிஸுக்குத் தெரியலையா" என்று அம்மா கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

அங்கே இருந்த பெரிய கிளாக்கர் ஐயா நல்ல மனுஷன். பழைய ஸ்டோரின் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில், சாக்குகள் கிடக்கின்றன, பார்த்துக்கொள் என்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கச்சியும் போனோம். எலி, கரையான், ஓட்டில் ஒழுகிய தண்ணீர். சில புத்தகங்கள் செங்கல் மாதிரி ஒட்டிப்போயிருந்தன. ஒன்பதில் ஆறு வருஷத்து செக்ரோல் முழுசாகக் கிடைத்தது. ஒவ்வொரு மாதத்திலும் அம்மாவின் பெயர், நேராக ஓடும் பேர்கள். அதைக் காட்டிய பிறகு 84 நாள் சம்பளம் கிடைத்தது. மிச்ச மூன்று வருஷத்துக்கு இல்லை, புத்தகம் இல்லாததால்.

கடலிலும் இதே வலி உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குரூசரைவிடச் சின்னக் கப்பல்களின் லாக்குகளில் பெரும்பகுதியைப் பின்னால் அழித்துவிட்டார்கள். யாருடைய தாத்தா சின்னக் கப்பலில் இருந்தாரோ அவர்தான் இப்போது நிரூபிக்க முடியாமல் நிற்கிறார். மூழ்கிய கப்பலின் லாக் கப்பலோடு போய்விடும். 1942 ஏப்ரல் 9-இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மஸ் விமானந்தாங்கியில் 307 பேர் போனார்கள். அதன் கடைசிக் காலையைத் தப்பியவர்கள் சொன்னதையும், அவர்களை வாரி எடுத்த வீட்டா என்ற மருத்துவக் கப்பலையும், குண்டு போட்ட ஜப்பானியர் எழுதியதையும் சேர்த்துத்தான் கட்டி எழுப்ப முடிகிறது.

அதனால்தான் தோட்டத்துக்குத் தோட்டம் பழைய புத்தகத்தைக் கொளுத்துகிறார்கள், போயிலருக்குள் தள்ளுகிறார்கள் என்று கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இடம் அடைக்கிறது, கரையான் வருகிறது என்கிறார்கள். ஒரு போனை வைத்துப் படம் எடுக்க எத்தனை நேரம் ஆகும்? நாங்கள் எடுத்த படங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். அம்மாவின் வரிக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் பெயர்களுக்காகவும் எடுத்தோம். இதுவரை நாலு குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

அந்த வெள்ளைக்காரப் பெண்ணும் ஊருக்குப் போய்த் தேடினார். தாத்தாவின் தாளில் வட்டமிடாத ஒரு நிஜக் குரூசரும் இருந்தது, அதன் லாக் பிழைத்திருந்தது, அதில் கொழும்பில் நின்ற நாட்களும் இருந்தன. முகாமுக்கு ஆட்களை இறக்கிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். அன்றைய வானம் சி, காற்றின் பலம் இரண்டு.

அம்மாவின் புத்தகங்களில் 1972 ஜூன் பக்கத்தை நான் தனியாக வைத்திருக்கிறேன். என் பிறப்புச் சான்றிதழில் பிறந்த நாள் ஜூன் 9 என்று இருக்கிறது, இத்தனை வருஷமும் எல்லாத் தாளிலும் அதையே எழுதினேன். செக்ரோலில் ஜூன் 9 வெள்ளி, அம்மாவுக்கு முழுப் பேர். 10 சனி, முழுப் பேர். ஞாயிறு கோடு. 12 திங்கள், அரைப் பேர், 11 றாத்தல். 13-இலிருந்து அந்த மாதம் முடியும்வரை கோடு. "நீ செவ்வாக்கெழம பொறந்தவன்டா, கங்காணிகிட்ட சொல்லிட்டுத்தான் மொதநாளு மத்தியானம் மலைய விட்டு எறங்குனேன்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார்.